மூன்றாவது வரிசையில் நின்ற யானை: ஒரு டிரா ஆட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை புதூர்ப் பக்கம் ஒரு பள்ளி அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஐந்து ரவுண்ட் ரேட்டிங் செஸ் போட்டி நடந்தது (ரேட்டிங் என்பது ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்). மூன்றாவது ரவுண்டில் நான் கறுப்புக் காய்கள். எதிரே மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். பதினேழாவது நகர்த்தலிலேயே எனக்குத் தெளிவான சாதகம் கிடைத்துவிட்டது. ஆனாலும் 74-வது நகர்த்தலில் ஆட்டம் டிரா. அன்று முதல் கிளப்புக்கு வரும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

கட்டங்களின் பெயரும் காய்களின் பெயரும் எனக்குக் குழப்பமாக இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

வெள்ளை ஆடுபவரின் இடது கைப்பக்கம் தொடங்கி ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று எட்டு நெடுவரிசைகள். அவர் பக்கமிருந்து எதிர்ப்பக்கம் வரை 1 முதல் 8 வரை குறுக்கு வரிசைகள். இ4 என்றால் இ நெடுவரிசையில் நான்காவது கட்டம். காய்களை எங்கள் கிளப்பில் ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்கிறோம். வீட்டில் தாத்தாவிடம் கற்றுக்கொண்ட சிலர் ராணியை மந்திரி என்பார்கள். பழைய ஆட்டத்தில் ராஜாவின் பக்கத்தில் நின்றது மந்திரிதான், அதனால் அவர்கள் சொல்வதிலும் தவறில்லை. இந்தப் பக்கத்தில் மட்டும் மந்திரி என்றால் மூலைவாட்டில் போகும் காய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு பள்ளி மாணவிக்கும் எப்படி ஆட்டம் போட்டார்கள்? வயதுப் பிரிவு கிடையாதா?

அது ஓப்பன் போட்டி, வயதுப் பிரிவு இல்லை. ஸ்விஸ் முறையில் ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஒருவரோடொருவர் மோதவிடுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் அந்தப் போட்டியில் மறுபடி மோதுவதில்லை. இரண்டு ரவுண்ட் முடிவில் அவளுக்கும் ஒன்றரை, எனக்கும் ஒன்றரை. என் ரேட்டிங் 1540, அவளுடையது 1480. கிட்டத்தட்டச் சமமான ஆட்டக்காரர்கள்தான். எதிரே பாவாடை சட்டையோ பள்ளிச் சீருடையோ தெரிந்தவுடன் நிமிர்ந்து உட்காரும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி உட்கார்ந்தவர்கள் பலர் அரை மணி நேரத்தில் கைகுலுக்கிவிட்டு வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நேரக் கணக்கு என்ன? எதற்காக இவ்வளவு நீண்டது?

ஆளுக்கு 90 நிமிடம், அதோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். 74 நகர்த்தல் என்றால் கூடுதல் மட்டுமே 37 நிமிடம். இருவரும் முழு நேரத்தையும் எடுத்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டும். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வேப்பமர நிழலில் காத்திருக்கும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மதியம் இரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஆறரைக்கு முடியலாம். தண்ணீர் பாட்டிலும் தின்ன ஏதாவதும் கொடுத்தனுப்புங்கள்.

தொடக்கம் எப்படிப் போனது?

இத்தாலியன் என்ற தொடக்க வரிசை. வெள்ளை இ4, நான் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, என் குதிரை சி6. வெள்ளை மந்திரி சி4, என் மந்திரி சி5. பிறகு வெள்ளை சி3, டி3 என்று மெதுவாகக் கட்டினாள். இருவரும் கேஸ்லிங் செய்தோம், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி ராஜாவைப் பத்திரப்படுத்தினோம். என் மந்திரி ஏ7-க்குப் பின்வாங்கியது, இன்னொரு மந்திரி இ6-இல் நின்றது, யானை இ8-க்கு வந்தது. அவள் யானை இ1-இல். அவளுடைய இரண்டாவது குதிரை டி2 வழியாக எஃப்1-க்குப் போனது. உலகம் முழுக்க ஆடப்படும் வரிசை இது, இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது நகர்த்தலில் அவள் மந்திரியை சி2-க்கு இழுத்தாள், நான் டி5 தள்ளினேன். அவள் சிப்பாயால் டி5-இல் வெட்டினாள், நான் எஃப்6 குதிரையால் திரும்ப வெட்டினேன்.

அந்தப் பொறியைச் சொல்லுங்கள். எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள்.

இப்போது பலகையைப் பாருங்கள். என் இ5 சிப்பாயை எஃப்3 குதிரையும் இ1 யானையும் தாக்குகின்றன. காப்பதற்கு சி6 குதிரை ஒன்றுதான். இ8 யானை காக்கலாமே என்றால், நடுவில் இ6-இல் என் மந்திரியே மறித்து நிற்கிறது. கணக்குப் போட்டால் ஒரு சிப்பாய் இலவசம்.

அவள் எடுத்தாள். குதிரை இ5-ஐ வெட்டியது, என் குதிரை அதை வெட்டியது, அவள் யானை இ5-இல் வந்து உட்கார்ந்தது. 15-வது நகர்த்தலில் என் ஏ7 மந்திரி நீண்ட மூலைவாட்டில் ஓடி எஃப்2 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக், அதாவது ராஜாவின் மேலேயே நேரடித் தாக்குதல். ராஜா மந்திரியை வெட்டியது. உடனே என் ராணி டி8-இலிருந்து எஃப்6-க்கு வந்து செக். அதே ராணி இ5 யானையையும் தாக்குகிறது. அவள் ராணியை எஃப்3-இல் குறுக்கே வைத்தாள், நான் யானையை வெட்டினேன். அவள் டி4 தள்ளி என் ராணியை விரட்ட, நான் எஃப்6-க்கே திரும்பி வர, ராணிகள் மாறின. கணக்கு இதுதான்: இருவருக்கும் ஆறாறு சிப்பாய், அவளுடைய மந்திரி ஒன்றுக்கு எதிராக என்னிடம் ஒரு யானை. இதைத்தான் எக்ஸ்சேஞ்ச் சாதகம் என்கிறோம்.

எஃப்2-இல் மந்திரி வெட்டியபோது அவள் அதைத் தொடாமல் ராஜாவை ஹெச்1-க்கு ஒதுக்கியிருந்தால் சிப்பாய்க்குச் சிப்பாய் என்று போயிருக்கும். செக் வந்தவுடன், வெட்ட முடிகிற காயை வெட்டத்தான் கை போகும். அந்த இடத்தில் அரை நிமிடம் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அவ்வளவு சாதகத்தை எப்படி இழந்தீர்கள்?

இரண்டு தவறுகள். ஒன்று எல்லார் கண்ணுக்கும் தெரியும். இன்னொன்று யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கு வலிப்பது இரண்டாவதுதான்.

முதலாவது 36-வது நகர்த்தல். அதற்குள் ஒரு சிப்பாய் வேறு ஜெயித்திருந்தேன். என்னிடம் இரண்டு யானை, அவளிடம் ஒரு யானையும் ஒரு குதிரையும். என் யானைகளில் ஒன்று சி7-இல், ராஜா எஃப்8-இல். காய்கள் குறைந்துவிட்ட கடைசிக் கட்டத்தில் ராஜாவை நடுவுக்குக் கொண்டுவா என்று பாடம் படித்திருக்கிறோம் அல்லவா, அதை நினைத்து ராஜாவை இ7-இல் வைத்துக் கையை எடுத்தேன். எடுத்த பிறகுதான் சி3-இல் நின்ற குதிரை கண்ணில் பட்டது. டி5-க்குத் தாவினால் ராஜாவுக்குச் செக், சி7 யானைக்கும் குறி. ஒரே காய் இரண்டைத் தாக்கும் இதுதான் ஃபோர்க். ராஜாவை டி7-க்கு நகர்த்தினேன், குதிரை யானையைத் தின்றது, ராஜா குதிரையைத் தின்றது. எக்ஸ்சேஞ்ச் போயிற்று. ஒரு சிப்பாய் சாதகத்தோடு யானைக்கு யானை.

இதோடு முடிந்திருந்தால்கூட ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. என்னிடம் நான்கு சிப்பாய்: ஏ, எஃப், ஜி, ஹெச். அவளிடம் மூன்று: ஏ, ஜி, ஹெச். பலகையின் இரு பக்கமும் சிப்பாய்கள் இருக்கும்போது தற்காப்பவர் இரண்டு இடத்துக்கும் ஓட வேண்டும், ஒரு யானையால் அது கடினம். அந்த நிலையில் நான் செய்தது, ஏ சிப்பாயை ஏ சிப்பாயோடு மாற்றிக்கொண்டது. "சாதகத்தில் இருக்கிறோம், எளிமையாக்குவோம்" என்ற நினைப்பு. மூன்றுக்கு இரண்டு, எல்லாம் ஒரே பக்கம். யானையும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய யானை ஆட்டத்தில் அந்தக் கணக்கு சரியாகத் தற்காத்தால் பெரும்பாலும் டிராதான். பிறகு ஹெச் சிப்பாய்கள் மாறின, ஜி சிப்பாய்களும் மாறின. மிஞ்சியது என்னுடைய எஃப் சிப்பாய் ஒன்று.

சாதகத்தில் இருப்பவர் மற்றக் காய்களை மாற்ற வேண்டும், சிப்பாய்களை மாற்றக் கூடாது. பின்தங்கி இருப்பவருக்கு இதற்கு நேர் எதிர். என் கிளப்பில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவனே நான்தான். களைத்துப்போன மூன்றாவது மணி நேரத்தில், தெரிந்த பாடம் கைக்கு வரவில்லை.

"கையை எடுத்தேன்" என்கிறீர்களே, காயைத் தொட்டாலே நகர்த்த வேண்டும் என்பது விதி அல்லவா?

ஆம். நம் முறை வரும்போது வேண்டுமென்றே தொட்ட காயை, நகர்த்த முடியுமானால், நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிந்தால் வெட்ட வேண்டும். ஆனால் தொட்ட காயை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது கையை எடுக்கும்வரை நம் விருப்பம். இ7-இல் வைத்த ராஜாவை விடாமல் பிடித்திருந்தால் இ8-க்கோ ஜி8-க்கோ மாற்றியிருக்கலாம். காய் கட்டத்தில் கோணலாக நின்றால் "சரி செய்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது.

அவள் எப்படித் தற்காத்தாள்? ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் ஏன் ஜெயிக்க முடியவில்லை?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை ராஜா எஃப்1-இல், வெள்ளை யானை ஏ3-இல். என் ராஜா இ4-இல், சிப்பாய் எஃப்4-இல், யானை ஹெச்2-இல். அவ்வளவுதான் காய்கள்.

என் சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டம் எஃப்1. அங்கே அவள் ராஜா உட்கார்ந்திருக்கிறது. அதைக் கிளப்ப என் ராஜா மூன்றாவது வரிசைக்கு, அதாவது இ3-க்கோ ஜி3-க்கோ, இறங்கி வர வேண்டும். ஆனால் மூன்றாவது வரிசை முழுக்க அவள் யானையின் பார்வையில் இருக்கிறது. என் ராஜா உள்ளே வர முடியாது. அவள் யானை அந்த வரிசையிலேயே ஏ3, பி3, ஏ3 என்று உலாத்திக்கொண்டிருந்தால் போதும்.

சரி, ராஜா போக முடியவில்லை என்றால் சிப்பாயை எஃப்3-க்குத் தள்ளுவோம் என்று தோன்றும். தள்ளியவுடன்தான் அவள் யானை மூன்றாவது வரிசையை விட்டுக் கிளம்பும், நேராக ஏ8-க்கு. இப்போது என் ராஜா இ3-க்கு வரலாம், ஆனால் பின்னாலிருந்து இ8-இல் செக். ஜி3-க்குப் போனால் ஜி8-இல் செக். எஃப்4-க்கு ஏறினால் எஃப்8-இல் செக். ஒளிந்துகொள்ள இடமில்லை. ஏனென்றால் முன்பு ராஜாவுக்குக் குடையாக இருந்திருக்கக்கூடிய எஃப்3 கட்டத்தில் இப்போது என் சிப்பாயே நிற்கிறது. சிப்பாய் எஃப்4-இல் நிற்கும்வரை யானை மூன்றாவது வரிசையில், எஃப்3-க்கு வந்துவிட்டால் எட்டாவது வரிசையில். இவ்வளவுதான் சூட்சுமம்.

இதைப் பிலிடோர் நிலை என்பார்கள். பிரெஞ்சு இசைக்கலைஞரும் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரருமான பிலிடோர் 1777-இல் விளக்கியது. ஏறக்குறைய 250 வருடம் கழித்து, மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு சிறுமிக்கு அது அரைப் புள்ளி வாங்கிக்கொடுத்தது.

ஆட்டம் முடிந்ததும் நான் கேட்டேன். "சிப்பாயைத் தள்ளுற வரைக்கும் மூணாவது வரிசையை விட்டு யானை நகரவே கூடாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காரு அங்கிள்," என்றாள். பதினைந்து நகர்த்தலுக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கடிகாரத்தில் அப்போது இரண்டு நிமிடம்கூட இல்லை.

அதே நிலையில் கறுப்புக்கு வெற்றி கிடைக்க என்ன வேண்டும்?

எதிராளியின் ராஜா சிப்பாயின் முன்னால் வர முடியாதபடி தூரத்தில் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்போது நம் சிப்பாய் கடைசிக்கு முந்தைய கட்டம் வரை போய்விடும், நம் ராஜா அதன் முன்னால் நிற்கும். அங்கிருந்து வெளியே வரும்போது செக் மேல் செக் விழும். அதை மறைக்க யானையை நம் பக்கத்திலிருந்து எண்ணி நான்காவது வரிசையில்... இல்லை, இதில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள், வெள்ளையாக வைத்துச் சொல்கிறேன். வெள்ளைச் சிப்பாய் இ7-இல், ராஜா இ8-இல், யானை எஃப்1-இல். கறுப்பு ராஜா ஜி7-இல், கறுப்பு யானை டி2-இல். வெள்ளை முதலில் யானையை எஃப்4-க்கு ஏற்ற வேண்டும். பிறகு ராஜா வெளியே வந்து செக்குகளைத் தாங்கிக்கொண்டே இறங்கும்போது, அந்த யானை நான்காவது வரிசையில் குறுக்கே விழுந்து செக்கை மறைக்கும். பாலம் கட்டுவது என்று இதற்குப் பெயர்.

லுசேனா நிலை என்று அழைக்கிறோம். 1497-இல் நூல் எழுதிய ஸ்பானியர் லுசேனாவின் பெயர் அது. ஆனால் அவர் நூலில் அந்த நிலை இல்லை, 1634-இல் வந்த சால்வியோவின் நூலில்தான் இருக்கிறது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிலிடோர், லுசேனா இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஆடத் தெரிந்தவர், 1500 ரேட்டிங்கில் உள்ள பலரைவிட யானை ஆட்டத்தில் மேலே நிற்பார். தொடக்க ஆட்டத்தில் இருபது நகர்த்தல் மனப்பாடம் செய்ய மாதக்கணக்கில் செலவழிக்கிறோம். இந்த இரண்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

டிரா என்று தெரிந்த பிறகும் ஏன் தொடர்ந்து ஆடினீர்கள்? சின்னப் பிள்ளையை அலைக்கழித்தது போல் இல்லையா?

இதைக் கொஞ்சம் கோபமாகவே கேட்ட ஒரு தாய்க்கு நான் சொன்ன பதில் இது. தற்காக்கத் தெரியுமா என்று கேட்டுப் பார்ப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி, எதிராளியை மதிப்பதும்தான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில் நம் குகேஷிடம் இருந்ததும் ஒரு சிப்பாய் சாதகம்தான். யானையும் மந்திரியும் இருபக்கமும் இருந்தன, பார்த்தவர்களில் பலர் டிரா என்றே நினைத்தார்கள். அவர் விடவில்லை. அப்போது உலக சாம்பியனாக இருந்த டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார், யானையும் மந்திரியும் மாறின, மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷுக்கு வெற்றி. ஏழரைக்கு ஆறரை. உலக சாம்பியனே தவறக்கூடிய இடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் தவறவில்லை என்றால் அந்தப் பெருமை அவளுக்குக் கிடைக்க வேண்டும். பாதியில் நான் டிராவுக்குக் கை நீட்டியிருந்தால் அது கிடைத்திருக்காது.

கடைசியில் டிரா எப்படி அறிவிக்கப்பட்டது?

ஒரே நிலை மூன்றாவது முறை வருவதாகச் சொல்லி அவள் டிரா கோரினாள். அதைச் செய்த விதம் கச்சிதம். தான் ஆடப்போகும் நகர்த்தலைப் பலகையில் ஆடாமல் நகர்த்தல்களைக் குறிக்கும் ஸ்கோர் ஷீட்டில் எழுதினாள், கடிகாரத்தை நிறுத்தினாள், நடுவரான ஆர்பிட்டரைக் கூப்பிட்டாள். பெரியவர்களே பலர் நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கேட்டு உரிமையை இழக்கிறார்கள். கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் சேர்க்கப்படும். ஐந்து முறை திரும்பினால் யாரும் கேட்காமலே ஆர்பிட்டர் டிரா அறிவிப்பார். அடுத்தடுத்த நகர்த்தல்களில்தான் திரும்ப வேண்டும் என்பதில்லை, காய்கள் அதே இடத்தில், ஆட வேண்டியவரும் அவரே என்றால் பெரும்பாலும் போதும்.

30 விநாடி கூடுதல் உள்ள ஆட்டத்தில் கடைசிவரை எழுதியே ஆக வேண்டும். எழுதாதவர் இந்தக் கோரிக்கையை நிரூபிக்கவே திணறுவார்.

செல்போனை அணைத்துப் பையில் வைத்திருந்தால் பரவாயில்லையா?

போட்டி விதிகளில் அனுமதித்திருந்தால், முழுக்க அணைத்துத் தனிப் பையில் வைக்கலாம். சட்டைப் பையில் கூடாது. ஒலித்தால் தோல்வி.

ரேட்டிங் என்ன ஆனது?

எனக்கு 1.6 குறைந்தது, அவளுக்கு 3.2 கூடியது. 60 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவர் சராசரியாக 0.58 எடுக்க வேண்டும் என்பது கணக்கு. டிராவில் கிடைத்தது 0.5, குறை 0.08. எனக்கு அதை 20-ஆல் பெருக்குவார்கள். 18 வயதுக்குக் கீழே, 2300-க்கும் கீழே இருப்பவர்களுக்கு 40-ஆல். அதனால்தான் பிள்ளைகளின் ரேட்டிங் வேகமாக ஏறும், வேகமாக இறங்கவும் செய்யும். இறங்கும்போது வீட்டில் முகம் சுளிக்காதீர்கள்.

இன்னொன்று, 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே தடவையாக ரேட்டிங்கை உயர்த்தியது. 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் பத்தில் நான்கு பங்கு சேர்த்தார்கள். 1200 இருந்தவர் 1520 ஆனார். ஆகவே பழைய 1500-ஐயும் இன்றைய 1500-ஐயும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா?

அன்றைக்குப் பார்க்கவில்லை. முதலில் அவளோடு வராந்தாவில் உட்கார்ந்து ஒருமுறை ஆடிப் பார்த்தோம். அவள் அப்பா வாங்கிவந்த பருத்திப்பாலைக் குடித்துக்கொண்டே, 36-வது நகர்த்தலுக்கு முன்பு தான் தோற்றுவிட்டதாக நினைத்ததை அவள் சொன்னாள். ஏ சிப்பாய்கள் மாறியபோதுதான் தனக்கு நம்பிக்கை வந்தது என்றும் சொன்னாள். என்னை உலுக்கியது அதுதான். குதிரை ஃபோர்க்கை நான் இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன், ஏ சிப்பாயை மறந்தே போயிருப்பேன். எந்த இடத்தில் எதிராளிக்கு மூச்சு வந்தது என்பதை எஞ்சின் (ஆட்டத்தைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் நிரல்) சொல்லாது.

மறுநாள் தனியாகப் பலகையில் பார்த்து எழுதினேன். மூன்றாம் நாள்தான் லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினைக் கேட்டேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலிலேயே எஞ்சினைத் திறந்தால் உங்கள் தவறு எது என்று தெரியும், ஏன் செய்தீர்கள் என்பது தெரியாமலே போய்விடும்.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்கலாமா?

மேல் தாள் ஆர்பிட்டரிடம் போய்விட்டது, கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை கிளப்புக்கு வாருங்கள். பதின்மூன்றாவது நகர்த்தலிலிருந்து அடுக்கி வைக்கிறேன். கறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஏ சிப்பாயை மாற்றாமல் எப்படி ஜெயிப்பது என்று சேர்ந்து தேடலாம்.